பெயர் நெய்த பாய்



எங்கள் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானபோது, வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் முதலில் எழுதப்பட்டது ஒரு பாய். காரைக்காலிலும் நாகூரிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் வியப்பு இராது. பிறந்த பிள்ளையைக் கிடத்துவது பாயில். பிள்ளைகள் ஓத அமர்வது பாயில். விருந்தில் சஹனைச் சுற்றி நால்வராக அமர்வதும் பாயில்தான். அதிலும் மணமக்களின் பெயரை நெய்த பத்தமடைப் பாய் என்றால் அதற்குத் தனி மதிப்பு. உம்மாவின் நிக்காஹுக்கு வந்த பாய், நிறம் மங்கிய பின்னும் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அறிந்தவர் ஒருவர் மூலம் பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு பெண்மணியின் தொடர்பு கிடைத்தது. தொலைபேசியில் பேசினோம். பெயர்களைச் சொன்னோம்; நிறத்தைச் சொன்னோம்; 4,500 ரூபாய் ஆகும் என்றார். நாங்கள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நெய்யுங்கள், பார்த்துக் கொள்ளலாம் என்றோம். பாய் முடிந்துவிட்டது என்று அவர் அழைத்த நாளில்தான் பேரத்தைத் தொடங்கினோம். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிறது என்றோம். கடையில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்றோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு 3,600 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். தொலைபேசியை வைத்துவிட்டு, 900 ரூபாய் மிச்சம் என்று நாங்கள் மகிழ்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ் என்றுகூடச் சொன்னோம்.

சில மாதங்கள் கழித்து மேலப்பாளையத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குச் சென்றோம். பத்தமடை அங்கிருந்து தொலைவில்லை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்கு அருகில் இருக்கிறது. பாய் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று அவர் வீட்டைத் தேடிப் போனோம்.

ஒரு பாய்க்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம். ஆற்றங்கரையில் அறுத்த கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கீறுகிறார்கள். வெயிலில் காய வைக்கிறார்கள். ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப் போட்டு, ஊறிப் பருத்ததை மறுபடியும் காய வைத்து, மெல்லிய இழைகளாகப் பிரித்துச் சாயம் ஏற்றுகிறார்கள். பருத்தி நூலைப் பாவாக இழுத்த தறி தரையோடு தாழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் குனிந்து அமர்ந்து கோரையை ஒவ்வோர் இழையாகக் கோத்து இறுக்க வேண்டும். இழை மெலிய மெலியப் பாய் துணிபோல் மடிகிறது, நாளும் கூடுகிறது. இவ்வேலையைத் தலைமுறைகளாகச் செய்து வருபவர்கள் பெரும்பாலும் நம் சமுதாயத்தவரே; அவர்களிலும் பெண்களே மிகுதி. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் புகழில் தறியில் குனிந்திருப்பவரின் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்பது வேறு கேள்வி.

எங்கள் பாய்க்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டோம். அவரும் அவர் மகளுமாக இருபது நாள் என்றார். மனத்துக்குள் கணக்குப் போட்டோம். இரண்டு பேர், இருபது நாள், நாற்பது நாள் உழைப்பு. நாங்கள் கொடுத்தது 3,600 ரூபாய். கோரைக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் ஆன செலவைக் கழிக்காமலே ஒருவருக்கு ஒரு நாளுக்கு 90 ரூபாய். நிக்காஹுக்காக வீட்டுச் சுவரைப் பூசியபோது சித்தாளுக்கு நாங்கள் கொடுத்த கூலியில் இது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் அவர் கேட்ட விலையே குறைந்த விலை. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை நாங்கள் அறுத்திருந்தோம்.

"அப்படியானால் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?" என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. அவர் எந்தக் குறையும் சொல்லாத குரலில் பதில் சொன்னார்:

"பிள்ளைக பேரு போட்டு நெஞ்சாச்சு. அத வேற யாருக்குங்க விக்க முடியும்?"

எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் மகளின் பெயரைத் தாங்கிய பாயை இந்த உலகில் வாங்கக்கூடியவர்கள் நாங்கள் மட்டுமே. அதை அறிந்துதான் பாய் முடியும்வரை காத்திருந்தோமா? அப்படித் திட்டமிடவில்லை என்று எங்கள் மனம் வாதாடியது. திட்டமிட்டாலும் இல்லாவிட்டாலும், அவர் மறுக்க முடியாத நிலையில் இருந்தபோதுதான் விலையைக் குறைத்தோம் என்பது மாறவில்லை.

புறப்படும்போது 900 ரூபாயை எடுத்து நீட்டினோம். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஜக்காத்துன்னா வேண்டாங்க. எங்களவிட இல்லாதவங்க இருக்காங்க, அவங்களுக்குக் குடுங்க" என்றார். இது ஜக்காத் இல்லை, பாயின் விலையில் நாங்கள் தராமல் விட்டது என்றோம். சற்று யோசித்தார். "பாய்க்குன்னா சரி" என்று வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். தர்மமாக நீட்டினால் வேண்டாம். விலையாகத் தந்தால் சரி. மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த வேறுபாட்டை அவர் எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார். ஸதகா நம் மனம் உவந்து தருவது. உழைத்தவரின் விலையோ அவருடைய ஹக். அந்த ரமலானில் நாங்கள் கணக்குப் பார்த்து ஜக்காத் கொடுத்திருந்தோம். ஒரு கையால் ஒருவரின் ஹக்கைக் குறைத்து, மறு கையால் இன்னொருவருக்கு தர்மம் செய்து, இரண்டையும் நம் கெட்டிக்காரத்தனம் என்றும் நம் ஈகை என்றும் எழுதிக்கொள்ள முடியுமா? ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களிடம் அல்லாஹ்வை மட்டும் வணங்குங்கள் என்று சொன்ன அதே மூச்சில், அளவையை நிறைவாக்குங்கள், மக்களின் பொருட்களைக் குறைத்துவிடாதீர்கள் என்ற கருத்தையும் சொன்னதாகக் குர்ஆன் பல இடங்களில் எடுத்துரைக்கிறது. தராசில் குறைப்பவரைப் பற்றிய எச்சரிக்கை என்றே அதை இதுவரை ஓதி வந்தோம். வாங்குபவர் கையிலும் ஒரு தராசு இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

பேரம் பேசுவது ஹராம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நபி (ஸல்) அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒட்டகத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சி எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். மதீனா வந்து சேர்ந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது.

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஊர் விலை தெரியாமல் வருபவரின் அறியாமை வாங்குபவருக்கு லாபமாகிவிடக் கூடாது. அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. இன்று உலகில் நியாய வணிகம் என்று பேசப்படுவதன் அடிப்படை இதில் இருக்கிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. விற்பவரின் அறியாமையையும் இயலாமையையும் விலைக்குறைப்பின் கருவியாக்கக் கூடாது.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் குதிரைச் செய்தி எங்களை இன்னும் நாணச் செய்தது. தப்ரானி பதிவு செய்திருக்கும் செய்தி அது. அவருக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை விலை பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இதன் மதிப்பு இதைவிட அதிகம் என்று விற்பவரிடமே சொல்லி, விலையைத் தாமாகவே படிப்படியாக உயர்த்தி, 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்கப்பட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் செய்துகொடுத்த உறுதிமொழியைக் காரணமாகச் சொன்னார்கள். நாங்கள் செய்தது அதற்கு நேர் எதிரானது.

நெய்தவரை நேரில் கண்டதால் எங்கள் தவறு எங்களுக்குத் தெரிந்தது. நேரில் காண முடியாத கைகள் எத்தனையோ. தமிழ்நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில் இளம்பெண்களை விடுதியில் தங்க வைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய முறையை 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நாம் செய்திகளில் படித்திருக்கிறோம். நம் மகளின் திருமணத் துணியில் வேறொருவர் மகளின் நிறைவேறாத திருமணம் நெய்யப்பட்டிருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

மலிவுப் பொருளுக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதை மற்றெந்த ஊரையும்விட நம் காரைக்கால் அறிந்திருக்க வேண்டும். அடிமைகள் விளைவித்தது என்பதற்காக மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை 1791இல் இங்கிலாந்தில் பல குடும்பங்கள் தம் வீட்டில் சேர்க்க மறுத்தன. பின்னாளில், அடிமைகள் செய்யாதது என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்களும் விற்பனைக்கு வந்தன. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகள் ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் புதுச்சேரியிலிருந்தும் நம் காரைக்கால் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறின. மார்த்தினிக் தீவுக்கு முதல் கப்பல் 1853இல் போய்ச் சேர்ந்தது. குவாதலூப், ரெயூனியன் தீவுகளுக்கும் நம் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அடிமை என்ற பெயர் போயிற்று. சர்க்கரையின் மலிவு மட்டும் போகவில்லை. பெயர் மாறுவதை வைத்து நியாயம் வந்துவிட்டதாக நம்பக் கூடாது என்பது நம் ஊர்க் கடற்கரையே சொல்லும் பாடம்.

ஆகவே முத்திரைகளை நாங்கள் மதிக்கிறோம்; அவற்றோடு நிறுத்திக்கொள்வதில்லை. கைத்தறித் துணிக்குக் கைத்தறி முத்திரை இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்க 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் இன்றி நெய்த கம்பளங்களுக்கு, கைலாஷ் சத்யார்த்தி முதலானோரின் முயற்சியால் 1994இல் ரக்மார்க் என்ற முத்திரை வந்தது. அது இன்று குட்வீவ் என்று அழைக்கப்படுகிறது. நாம் நெற்றி வைத்து ஸஜ்தா செய்யும் முஸல்லாவை எந்தப் பிஞ்சு விரலும் நெய்திருக்கக் கூடாது என்று கவலைப்படுவது நம் தொழுகையோடு சேர்ந்த கவலை அல்லவா?

எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறோம். செய்து தரச் சொல்லும் பொருளுக்கு, வேலை தொடங்கும் முன்பே விலையை முடிவாகப் பேசிவிடுகிறோம். பாதியை முன்பணமாகத் தருகிறோம். வேலை முடிந்த பிறகு ஒரு ரூபாயும் குறைப்பதில்லை; மீதியை அன்றே கொடுத்துவிடுகிறோம். கைவேலை செய்பவரிடம் விலை கேட்கும்போது எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்கிறோம். அந்த ஒரு கேள்வியிலேயே விலையின் நியாயம் தெரிந்துவிடுகிறது.

எல்லோருக்கும் கூடுதல் விலை கொடுக்க வசதி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்களும் எண்ணிச் செலவு செய்யும் குடும்பம்தான். வசதி இல்லாதவர் மலிவாக வாங்குவதைக் குற்றமாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எங்கள் நிக்காஹ் கணக்கைத் திரும்பப் புரட்டிப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. மண்டப அலங்காரத்திலும், சாப்பிடாமல் மிஞ்சிய வகைகளிலும் ஆயிரங்களை விட்டிருந்தோம். அங்கே பேரம் பேச நாணினோம். நாற்பது நாள் உழைத்தவர்களிடம் மட்டும் 900 ரூபாய்க்கு வாதாடினோம். எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. எளியவரிடம் மட்டுமே எங்கள் கை இறுகியது. குறைவாக வாங்குவோம், வாங்குவதை நியாயமாக வாங்குவோம். வீண்விரயத்தைத் தவிர்த்தாலே அதற்கான பணம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அந்தப் பாய் இன்று மகள் வீட்டில் இருக்கிறது. நாங்கள் போகும்போதெல்லாம் அதை விரித்துத்தான் உட்காரச் சொல்கிறாள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன; நெய்தவரின் பெயர் இல்லை. அந்தப் பெயரை மகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். அவர்களுக்காகவும் துஆச் செய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வல்ல அல்லாஹ், நம் கொடுக்கல் வாங்கலை ஹலாலானதாகவும் பரக்கத் உள்ளதாகவும் ஆக்குவானாக. நாம் அறிந்தும் அறியாமலும் குறைத்த ஹக்குகளை, மறுமைக்கு முன்பே உரியவரிடம் சேர்த்துவிடும் வாய்ப்பை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.