பாம்புக்கும் ஒரு நிழல்

திருப்பூரிலிருந்து கோபி சாலையில் வடக்கே வந்தால், சேலம்-கொச்சி நெடுஞ்சாலை குறுக்கிடும் இடத்தில் பெருமாநல்லூர். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் இறங்குவார்கள். அந்த மாதத்து வெயிலே ஒரு குண்டந்தான். தகரக் கூரைக்கடியில் பனியன் தைப்பவர்களைக் கேளுங்கள்!

இந்த ஊரில் பாம்புக்கு விளக்குச் சூடு வேண்டுமா? "ஐயையோ, பாம்பா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மா. "ஒரு பால் பைத்தான் வாங்கித் தாங்க" என்று பிள்ளைகள் கேட்கும் காலம் இது. நம் நாட்டுப் பாம்பென்றால் பேச்சே இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்கப் பைத்தானையும் 2024 விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

பாம்பு வெளிச்சூட்டை நம்பி வாழும் பிராணி. பெட்டியின் ஒரு கோடி 32 டிகிரி, மறுகோடி 26 டிகிரி என்றிருந்தால், வேண்டிய இடத்துக்குத் தானே ஊர்ந்து போகும். கோழிக்குஞ்சுக்குத் தொங்கவிடுவதுபோல் பல்பை உள்ளே தொங்கவிட்டால் ஆபத்து. சுட்டால் குஞ்சு விலகும். பாம்போ பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்து புண்ணாகும். பல்போ ஹீட்டரோ, கம்பிவலைக்கு அப்பால் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் சுவிட்சைத் தொடவேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சமில்லாத ஹீட்டரே போதும்.

ஆனால் தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்துமே தவிர, குளிர்விக்காது! சித்திரையில் மாடி அறை கொதிக்கும்போது, பெட்டியைக் கீழ்த்தளத்தில் வெயில் படாத சுவரோரம் இறக்குங்கள். பாம்பு முழுக உடம்பு கொள்ளும் அளவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும் வையுங்கள்.