ஐந்து மார்க்

2019-ல் என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்து போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வந்தாள். முதல் நாளே ஒரு தாளை எடுத்து மார்க் போட்டாள். 100-க்கு 55. ஆயுள் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர் என் தகப்பனார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தாளுக்குப் பார்தெல் அளவை என்று பெயர். மகோனி என்ற டாக்டர் அம்மாளும், பார்தெல் என்ற பயிற்சியாளரும் சேர்ந்து 1965-ல் அமெரிக்காவிலே வெளியிட்டது. ரத்த அழுத்தம் எவ்வளவு என்றெல்லாம் அது கேட்காது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்தே காரியங்கள். தானாகச் சாப்பிட்டால் 10. பிறர் உதவினால் 5. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதைக்கூட யோசித்திருக்கிறார்கள். ரசம் சாதம் பிசைவதைப் பற்றி, பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

"இடது கையால் அவரால் சாப்பிட முடியுமே, அம்மா!" என்று ஐந்து மார்க்குக்குப் பேரம் பேசினேன்.

"முடியுமா என்று கேட்கவில்லை, சார். சாப்பிடுகிறாரா?"

இல்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டினேன். தலை வாரியதும், சவரம் செய்ததும் நான்தான். பார்த்தவர்கள் 'பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்' என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடுவிலே ஒரு வாரம் வெளியூர் போக நேர்ந்தது. என் மனைவிக்கு ஆயிரம் வேலை. தட்டையும் ஸ்பூனையும் முன்னால் வைத்துவிட்டு, "சாப்பிடுங்கள், மாமா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாளாம். நான் திரும்பி வந்தபோது மார்க் 65 ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு ஐந்து, முகம் கழுவித் தலை வாரிக்கொள்வதற்கு ஐந்து.

அந்தப் பத்து மார்க்கை அத்தனை நாளும் பிடித்து வைத்திருந்தவன் யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நாகரிகம் தெரிந்தவள்.

அன்று இரவு அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். ஸ்பூன் கோணிற்று. பாதிச் சாதம் மடியில் விழுந்தது. என் கை தானாக நீண்டது.

"நீ போய் உன் கதையை எழுதுடா" என்றார்.

போனேன். ஒரு வரிகூட ஓடவில்லை. கூடத்தில் ஸ்பூன் தட்டில் இடிக்கும் சத்தம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.