எட்டேகால் வண்டி

சென்ற நான்கு இதழ்களிலும் என் எழுத்தைக் காணவில்லையே என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். ஆசிரியரும் இருமுறை நினைவூட்டினார். எழுதுவதற்குப் பொருள் இல்லாமற் போகவில்லை. உட்காருவதற்கு நேரந்தான் இல்லாமற் போயிற்று. ஆடி பிறந்தது முதல் ஐப்பசி முடியும் வரை எங்கள் வீட்டில் காலம் சென்ற விதத்தை இப்போதேனும் சொல்லி வைக்கிறேன்.

2025 சித்திரையில் என் அன்னையார் காலமானார். கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் தந்தையாரைத் தனியே விட்டுவர மனமில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, ஆனியில் அவரை டோம்பிவிலிக்கு அழைத்து வந்தேன். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் ஊர்ப் பஜனை மடத்தில் ஜால்ரா போட்டுப் பாடுவது நாற்பது ஆண்டுப் பழக்கம். அம்மா போனபின் அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. இங்கு வந்தும் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகிற வருகிற மின்வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஜூன் 9-ஆம் தேதி மும்பரா அருகே வண்டியிலிருந்து பயணிகள் விழுந்து உயிரிழந்த செய்தியை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். நான் வீடு திரும்பும் வரையில் இரவு உணவைத் தொடமாட்டார். “பூட்டிய வீட்டில் விளக்கு வைக்க ஆளில்லையே, நான் ஊருக்கே போகிறேன்” என்பதுதான் நாள்தோறும் பேச்சு.

எனக்கோ அலுவலகத்தில் வேலை நெருக்கடி. பத்தாம் வகுப்புத் தேறி டிராக்மேனாகச் சேர்ந்து, துறைத்தேர்வு எழுதி எழுத்தரானவன் நான். சம்பளப் பட்டியல் பிரிவில் இருக்கிறேன். விநாயக சதுர்த்திக்குக் கொங்கணம் செல்லும் சிறப்பு வண்டிகள், அவற்றின் ஊழியர்க்கு மிகைநேரப் படி, அதன் பின் தசராவுக்கு முன் போனஸ். 78 நாள் ஊதியம் என்று அறிவிப்பு வந்த மாலையிலிருந்து எங்கள் பிரிவில் விளக்கணைவது அரிது. உச்சவரம்பின்படி ஒருவர்க்கு 17,951 ரூபாய்க்கு மேல் போகாது; ஆயினும் அதை நம்பிக் கடன் சொல்லி வைத்த குடும்பங்கள் எத்தனை! இவற்றினிடையே மாதந்தோறும் அம்மாவின் திதி. துக்க ஆண்டாகையால் வீட்டில் கொலுவும் இல்லை. மகனின் மிருதங்க வகுப்பு ஒன்றுதான் நிற்காமல் நடந்தது.

இனி எட்டேகால் வண்டிக்கு வருகிறேன். டோம்பிவிலியிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்குச் செல்லும் விரைவு வண்டி அது. மும்பையின் மின்வண்டிகளில் பஜனை மண்டலிகள் இருப்பதை நேயர்களில் பலர் அறிவர். எங்கள் பெட்டியிலும் ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் அலுவலகம் செல்பவர்கள். ஒரு டோலக்கு, நான்கு ஜோடித் தாளம். தாணே வரும்போது குரல் சூடேறும். குர்லா வரும்போது பெட்டி முழுவதும் கைதட்டும். எல்லோர்க்கும் இது உவப்பானதென்று சொல்லமாட்டேன். இரவுப் பணி முடித்துக் கண்ணயர்பவரும், தலைவலிக்காரரும் முணுமுணுப்பது நியாயமே. அப்படி யாரேனும் சொன்னால் தாளத்தை மடக்கி வைத்துவிடச் சொல்பவர் எங்கள் தலைவர். அவரை நாங்கள் காகா என்போம்; மராட்டியில் சிற்றப்பா என்று பொருள். நான் ஆறு ஆண்டுகளாக அவர் பக்கத்தில் நின்று, பின்பாட்டென்ற பெயரில் வாயசைத்து வருகிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மாதுங்காவில் உள்ள கண் மருத்துவரிடம் காட்டுவதற்காக அப்பாவை அவ்வண்டியில் அழைத்துச் சென்றேன். தாதரில் இறங்கி, ஒரு நிலையம் பின்னோக்கி வரவேண்டும். நண்பர்கள் எழுந்து அவருக்கு ஜன்னலோரம் இடம் தந்தார்கள். மண்டலி பாடத் தொடங்கிற்று. அப்பா சிறிது கேட்டார். பிறகு என் காதருகே, “தாளம் ஓடுகிறதே, யாரும் பிடித்து நிறுத்தமாட்டார்களா?” என்றார். இரண்டு மாதத்தில் அவர் இசையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது!

மும்பராவைத் தாண்டியதும் காகா துக்காராமின் அபங்கம் ஒன்றை எடுத்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏண்டா, இது நம் மடத்துப் பாட்டல்லவா? இவர்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. ஊர் மடத்தில் தமிழெழுத்தில் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவர். வடமொழியாக இருக்கும் என்று எண்ணியிருந்தார். மராட்டியர் தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்டனர். அவர்களோடு வந்த கீர்த்தனக்காரர்களின் அபங்கங்கள் காவிரிக்கரையில் தங்கிவிட்டன. பஜனைப் பத்ததியை வகுத்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் அவற்றுக்கும் அதில் இடமளித்தார் என்பர். பாட்டு அங்கே போய் நம்முடையதாகிவிட்டது. பிழைப்பைத் தேடி நாம் இங்கே வந்து, அதன் பிறந்தகத்தில் நிற்கிறோம்.

நான் காகாவிடம் செய்தியைச் சொன்னேன். அவர் பாட்டின் பொருளை இந்தியில் விளக்க, நான் தமிழில் சொன்னேன். பண்டரிபுரத்தில் இடுப்பில் கைவைத்துச் செங்கல்மீது நிற்கும் விட்டலனின் திருக்கோலத்தைப் பாடுவது அது. அப்பா நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காட்கோபர் வந்தபோது மெதுவாகச் சொன்னார்:

“உன் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள், இதற்கு அர்த்தம் என்னவென்று. பக்திக்கு அர்த்தம் எதற்கு என்று அதட்டி வைப்பேன். செங்கல்லாமே!”

அன்று அவர் பாடவில்லை. ஆனால் அடுத்த புதனன்று மருத்துவரிடம் போகவேண்டிய அவசியமே இல்லாதபோதும், மாதுங்காவில் வாழைப்பூ நன்றாயிருக்கும் என்று பையோடு புறப்பட்டுவிட்டார். டோம்பிவிலியில் இல்லாத வாழைப்பூவா! அதற்கடுத்த வாரம் காப்பிப் பொடி. பதினொரு மணிக்கு மேல் கூட்டம் தணிந்த வண்டியில் தாமே திரும்பி வரவும் கற்றுக்கொண்டார். ஆவணியில் ஒரு நாள் காகா தாளத்தை அவர் கையில் வைத்தார். அப்பா அதே அபங்கத்தை எங்கள் ஊர் மெட்டில், நிதானமாகப் பாடினார். குரல் இரண்டு இடத்தில் தழுதழுத்தது. டோலக்குக்காரர் திணறினார், நம்முடைய இழுப்பு அவர்க்குப் புதிது. பெட்டி கேட்டது. உச்சரிப்பில் இரண்டு சொற்களைக் காகா பிறகு திருத்தினார். அப்பா ஒன்றை ஏற்றார், மற்றதை ஏற்கவில்லை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அக்டோபர் முதல் தேதி, தசராவுக்கு முந்திய நாள், வழக்கம்போல் பெட்டியைச் சாமந்தியாலும் மாவிலையாலும் அலங்கரித்துப் பூஜை செய்தோம். முந்திய இரவு பதினொன்று வரை போனஸ் பட்டியலில் இருந்த எனக்குக் கண் எரிந்தது, ஆயினும் தவறவிடவில்லை. அது காகாவின் கடைசித் தசரா. அம்மாத முடிவில் அவர் பணி ஓய்வு பெற்றார். மண்டலியை யார் நடத்துவதென்று பேச்சு எழுந்தபோது இளைஞர்கள் இருவர் பெயர் சொல்லப்பட்டது. அவர்களுக்கு வேகம் அதிகம் என்பது அப்பாவின் கட்சி.

இப்போது புதன்கிழமைகளில் வண்டியில் காகா இல்லை. மாறாக, மாலை ஐந்து மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. நான் திரும்பும்போது, என் மகனை மிருதங்கத்தோடு நடுவில் உட்கார வைத்து இருவரும் பாடிக்கொண்டிருப்பார்கள். இரவு உணவு என் வரவுக்குக் காத்திருப்பதில்லை.

மார்கழிக்கு ஊர்ப் பஜனையில் நான் இருக்கவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். காகாவும் உடன் செல்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் 1803-இல் பொறித்த மராட்டியக் கல்வெட்டு இருக்கிறதல்லவா? அதைக் காகா படித்துச் சொல்லவேண்டுமாம். முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த காலையிலேயே கீழ்ப்படுக்கை இரண்டு வாங்கிவிட்டேன். காகாவுக்குத் திரும்பும் சீட்டும் எடுத்தாயிற்று. தமக்கு எந்தத் தேதிக்கு எடுப்பதென்று அப்பா இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தை மாதத்து வண்டிகளில் இடம் எவ்வளவு இருக்கிறதென்று மட்டும் அலுவலகத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.