புகையை முகர்ந்து பார்க்கும் ஊர்

தைப்பிங்கிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் கோலா செபெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. இன்று தண்டவாளம் இல்லை. ஆனால் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளில் ஊர்ப்பெயர் தாங்கிய நிலையப் பலகை இருக்கிறது. பிள்ளைகளை அதன் முன் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, கரிச்சூளைகளுக்கு வாருங்கள்.

அத்தாப்புக் கூரைக்குக் கீழே, கவிழ்த்த பானை போல வரிசையாகச் செங்கல் சூளைகள். பட்டை உரித்த பாக்காவ் மரத்துண்டுகளை உள்ளே நெட்டுக்குத்தாக அடுக்குகிறார்கள். விறகு எரிவது வாசலில்தான். உள்ளே அனல் மட்டும் பாய்கிறது. திறந்தவெளியில் எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றைக் குறைத்துச் சூடேற்றினால் ஈரமும் வாயுக்களும் புகையாகப் போய், கரிமம் கரியாகத் தங்கும். முதலில் பெருந்தீ, பிறகு சிறுதீ, கடைசியில் வாசலை அடைத்து ஆறவிடுதல் என ஏறக்குறைய ஒரு மாத வேலை. மிஞ்சுவது மரத்தின் எடையில் கால் பங்குதான்.

"எப்போது அடைப்பீர்கள், அங்கிள்?" என்று கேட்டேன். சூளைக்காரர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். புகையின் வாசம் மாறினால் அவருக்குத் தெரிந்துவிடும். குரலை நம்பிப் பிழைக்கும் எனக்கு அந்த மூக்கின் மீது பொறாமை!

இது பசுமை எரிசக்தியா? வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால் மட்டுமே. மாத்தாங் சதுப்புநிலக் காடு 40,000 ஹெக்டர் பரப்புக்கு மேற்பட்டது. 1902 முதல் காப்புக்காடு. ஒரு பகுதியை வெட்டினால் அடுத்த வெட்டு 30 ஆண்டுகள் கழித்துத்தான். இடையில் 15, 20ஆம் ஆண்டுகளில் நெருக்கத்தைக் குறைக்க மெலிந்த கழிகளை எடுக்கிறார்கள். சூளையை விட இந்தக் கணக்குதான் என்னை மலைக்க வைத்தது. அப்பாவின் காலத்தில் நட்டதை மகன் வெட்டுகிறான்.

இருந்தாலும் சாத்தே சுட்ட அன்றே அந்தக் கரிமம் காற்றுக்குப் போய்விடும். அதே கரியை மண்ணில் கலந்தால் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தங்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரி கலந்து உண்டாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது. ஆனால் அதற்காகப் பாக்காவ் மரத்தை வெட்டக்கூடாது என்பது என் கட்சி. இந்தக் காட்டின் சேறே பெரிய கரிமக் கிடங்கு. ஆலைகளில் குவியும் செம்பனை வெறுங்குலையும் நெல் உமியும் போதாதா? பழைய சூளைப் புகையில் மீத்தேனும் கலந்து போகிறது; புதிய உலைகள் அந்த வாயுவையே எரித்து வெப்பமாக்கிக்கொள்கின்றன.

காலையில் போங்கள், பழைய சட்டை போதும். நான் ஒரு பை கரி வாங்கி வந்தேன். பாதி அடுப்புக்கு. மீதியை நொறுக்கி, தொழு உரத்தோடு ஊறவைத்திருக்கிறேன், பால்கனிக் கறிவேப்பிலைக்கு.