கூரையிழந்த பேராலயமும் அதனகத்துச் சிற்றாலயமும்

ஆங்கில நாட்டின் கீழ்க்கரையில், சபோக் மாவட்டத்தில், கோவ்ஹைத் என்றொரு சிற்றூர் உளது. பண்டு நார்த் ஹேல்ஸ் எனப்பட்ட அவ்வூர் மீன்பிடி தொழிலால் வாழ்ந்த துறைமுகமாம். இன்று அங்குள்ளவை சில வீடுகளே. ஆயினும் வயல்வெளியினூடே வருவார்க்கு முதற்கண் தோன்றும் கோபுரமும் நெடுஞ்சுவர்களும், ஈண்டொரு நகரம் இருத்தல் வேண்டுமென எண்ணச் செய்யும்.

கோபுரம் பதினான்காம் நூற்றாண்டினது. ஆலயத்தின் பெரும்பகுதி பதினைந்தாம் நூற்றாண்டினது. அப்பகுதியில் நற்கட்டடக்கல் அகப்படுவதில்லை. ஆதலின் வயலிலும் கடற்கரையிலும் பொறுக்கிய சக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணச்சாந்திற் பதித்துச் சுவரெழுப்பினர். மூலைகளுக்கும் சாளர விளிம்புகளுக்கும் மாத்திரமே செதுக்குகல்லை வேற்றிடத்தினின்று கொணர்ந்தனர். சாளரங்களோ மிகப் பெரியன. அவற்றை நிறைத்த வண்ணக் கண்ணாடிக்கு நேர்ந்த கதியை எல்லாருமறிவர்: 1644-இல் பாராளுமன்றத்தார் ஆணை தாங்கி வந்த வில்லியம் டௌசிங் என்பார், இவ்வாலயத்தில் ஏறக்குறைய 200 உருவங்களை உடைத்ததாகத் தம் நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்துள்ளார். செய்தவர் கையாலேயே கணக்கும் எழுதப்பெற்றது விந்தையன்றோ!

பின்னர் ஊர் வறுமையுற்றது. சிறு சபையொன்று அத்துணைப் பெரிய கூரையைப் பழுதுபார்த்தல் எங்ஙனம்? 1672-இல் சபையார் அனுமதி பெற்றுப் பேராலயத்தின் கூரையைக் களைந்தனர். பழங்கட்டடப் பொருள்களைக் கொண்டே, நடுக்கூடத்தின் உள்ளே, கோபுரத்தையொட்டி, நாணல் வேய்ந்த சிற்றாலயமொன்றை எடுத்தனர். கோபுரத்தை இடித்தாரில்லை, கடலோடிகட்கு அதுவே அடையாளம். அண்மையிலுள்ள வால்பர்ஸ்விக் சபையாரும் 1695-இல் இவ்வாறே தென்சிறகை மாத்திரம் வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கைவிட்டனர்.

யான் ஆங்குச் சென்ற நாளில் எம் குடும்பத்தார், ஒழுகும் கூரையுடைய பாட்டனார் வீட்டை என் செய்வதென்று கடிதங்கள் வாயிலாக வாதித்துக்கொண்டிருந்தனர். முழுதும் புதுப்பித்தல் வேண்டுமென்பார் ஒருபுறம். விற்றுவிடல் நன்றென்பார் மறுபுறம். அக்கடிதங்களுள் ஒன்று அன்று என் சட்டைப்பையில் இருந்தது. பேராலயத்தின் வெற்றுச் சாளரங்களினூடே வானம் தெரிய, உள்ளே அச்சிறு கூரை தாழ்ந்து நிற்பதைக் கண்டேன். உடன் வந்தவர், “ஐயோ பாவம்!” என்றார். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை. தம்மாற் காக்கவியன்ற அளவை அறிந்து, அவ்வளவைச் செவ்வனே காத்தவர் அவர். பெருஞ்சுவர்களை அழிக்கவுமில்லை, அவற்றின் பெருமையைத் தாங்குவதாகப் பாசாங்கு செய்யவுமில்லை. முன்னோர் கட்டியதை அவ்வாறே காவாமை அவமதிப்பாகும் என்பர் சிலர். கூரை இடிந்து வழிபடுவார் தலைமேல் வீழ விடுவதுதான் மதிப்போ? அன்றிரவே வீட்டிற்கு எழுதினேன்: முன்கட்டை மாத்திரம் ஓடு மாற்றுவோம், பின்கட்டை இறக்கி மரங்களை அதற்கே பயன்படுத்துவோம் என்று. தமையனார் மூன்று திங்கள் விடையெழுதிலர், பின்னர் இசைந்தார்.

சிற்றாலயத்தினுள் பழைய ஞானஸ்நானத் தொட்டி உளது. அதிற் செதுக்கிய உருவங்கள் சிதைக்கப்பட்டுள்ளன, தொட்டியோ நிலைத்துள்ளது.

வெளியே ஆலயத்தைக் கடந்து கிழக்கே செல்லும் பாதை சிறிது தொலைவில் மணற்குன்றின் விளிம்பில் அறுந்துபோகின்றது. அக்கரையைக் கடல் ஆண்டுதோறும் அரித்து வருகின்றது. சில ஆண்டுகளில் 15 அடிக்கு மேலும் நிலம் வீழ்வதுண்டு. விளிம்பருகே செல்லலாகாதென்று எச்சரிக்கைப் பலகை நிறுத்தியுள்ளனர்.