காயலான் கடை ஸ்டியரிங்



நம்ம படப்பை ரோட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற பெரிய லாரி ஒன்றாவது கண்ணில் படும். பக்கத்தில் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாமே தயாராகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த ரேஸ் டிராக் இருக்கிறது. நம் பள்ளியில் பல பேர் வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறோம்? நான் பிடித்ததில்லை. அதனால்தான் நானும் ஐ.டி.ஐ. படிக்கும் என் பெரியம்மா பையன் அண்ணனும் சேர்ந்து, கம்ப்யூட்டர் ரேஸ் கேமுக்கு ஒரு ஸ்டியரிங்கும் இரண்டு பெடலும் வீட்டிலேயே செய்தோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேம் என்றதும் "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் 'டார்க்ஸ்' என்ற இலவச ரேஸ் கேமைப் போட்டோம். முதலில் கீபோர்டில்தான் ஓட்டினோம். கீபோர்டு என்பது லைட் சுவிட்ச் மாதிரி. அழுத்தினால் முழுசாகத் திரும்பும், விட்டால் ஒன்றுமே இல்லை. கொஞ்சமாகத் திருப்பு, பாதி பிரேக் பிடி என்றால் அதற்கு வழி கிடையாது. நமக்கு வேண்டியது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கிற ஒன்று. கடையில் நல்ல ஸ்டியரிங் செட் 20,000 ரூபாய்க்கு மேலே. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே முடியாது.

அண்ணன் சொன்னார், "காயலான் கடைக்குப் போவோம் வா."

நம்ம ஊரைச் சுற்றி இத்தனை வண்டி ஓடுவதில் ஒரு நன்மை, காயலான் கடையில் எல்லாம் கிடைக்கும். பழைய வேனின் ஸ்டியரிங் ஒன்றை எடைக்கு வாங்கினோம். அதே கடையில் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று கிடந்தது. ஹேண்டில்பார் திரும்புகிற குழாயை மட்டும் பால்ரஸோடு அறுத்து வாங்கினோம். அந்தக் குழாயை ஒரு பலகையில் இறுக்கி, மேல் முனையில் வேன் ஸ்டியரிங்கைப் போல்ட் போட்டு மாட்டினோம். பால்ரஸ் இருப்பதால் ஆட்டம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகி இருக்குமே, அதுதான் இதற்கு. அதன் பெயர் பொட்டென்ஷியோமீட்டர். நாம் படிக்கிற மின்தடைதான் உள்ளே இருக்கிறது. அதற்கு மூன்று கால்கள். இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே 5 வோல்ட் கொடுத்தால், திருகத் திருக நடுக் காலில் 0 முதல் 5 வோல்ட் வரை மாறிக்கொண்டே வரும். ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்ன போர்டு அந்த வோல்டேஜை 0 முதல் 1023 வரை எண்ணாக மாற்றி, யூ.எஸ்.பி. வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நேராகப் பிடித்தால் 512-க்குப் பக்கத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் அதை விளையாட்டு ஜாய்ஸ்டிக் என்றே நினைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். திருகியில் இரண்டு வகை உண்டு. பாட்டுச் சத்தத்துக்கென்றே செய்த வகையில் மதிப்பு ஒரே சீராக ஏறாது. இடது பக்கம் மெதுவாகவும் வலது பக்கம் வேகமாகவும் திரும்புகிற கார் மாதிரி ஆகிவிடும். சீராக ஏறும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் பெரும்பாலும் 'பி' என்று போட்டிருக்கும். அது ஏறக்குறைய முக்கால் சுற்றுதான் சுற்றும். அதற்கு மேல் திருப்பினால் உடைந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துத் தடுத்தோம்.

இப்போது ஸ்டியரிங் திரும்பியது. ஆனால் கையை விட்டால் திரும்பின இடத்திலேயே நின்றது. உண்மையான வண்டியில் ஓடும்போது அது தானாக நேர் நிலைக்கு வரும். ஏன் என்று அண்ணன் சைக்கிளைக் காட்டிச் சொன்னார். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருக்கிறதே, அந்த அமைப்பினால்தான் ஓடுகிற சைக்கிளில் கையைத் தளர்த்தினாலும் முன் சக்கரம் நேராக வரப் பார்க்கிறது. காரிலும் முன் சக்கரம் திரும்புகிற அச்சை அப்படித்தான் சாய்த்து வைக்கிறார்கள். பலகைக்கு ஏது சக்கரம்? அதனால் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினோம். திருப்பினால் எதிர்த்து இழுத்தது, விட்டால் நேராக வந்தது. அன்றைக்குத்தான் அது ஸ்டியரிங் மாதிரி இருந்தது.

அடுத்தது பெடல். இரண்டு பலகை, இரண்டு கதவுக் கீல், அடியில் ஸ்பிரிங், பக்கத்தில் ஆளுக்கொரு திருகி. பக்கத்து வீட்டு மாமா கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னோம். மிதித்தார். "என்ன பாப்பா, இது பிரேக்கா இட்லி மாவா?" என்று சிரித்தார். பிரேக் கொஞ்ச தூரம்தான் இறங்க வேண்டுமாம். அதற்கு அப்புறம் கல் மாதிரி நிற்க வேண்டுமாம். டிரைவர் கால் எவ்வளவு தூரம் போனது என்று கணக்கு வைக்காது, எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்றுதான் நினைவு வைக்குமாம். விலை உயர்ந்த பெடல்களில் இதற்காகவே எடையை அளக்கிற லோட் செல் வைக்கிறார்கள். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் அதே லோட் செல்தான். எங்களிடம் அது இல்லை. பழைய டயர்த் துண்டுகளை அடுக்கி ஸ்பிரிங்குக்குப் பின்னால் வைத்தோம். பிரேக் கெட்டியாகிவிட்டது.

ஆனால் ஆக்ஸிலேட்டர் சரியாக வரவில்லை. காலை எடுத்த பிறகும் சோம்பேறி மாதிரி மெதுவாக எழுந்தது. கார் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் புரோகிராமை மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை.

அதைச் சரி செய்தது எங்கள் அம்மா.

அம்மா ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். பெடலுக்கு ஸ்பிரிங் மாட்டுகிற லைன். ஒரு ஷிப்டில் 500 பெடலாவது அம்மா கையில் பட்டுப் போகும். கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் நல்லாத்தான்டி இருக்கு, மாட்டின இடம் சரியில்ல. கீலுக்கு இவ்ளோ கிட்ட மாட்டினா அதுக்கு பலம் எங்கேர்ந்து வரும்? தள்ளி மாட்டு" என்றார். நெம்புகோல் தத்துவம்! நாங்கள் அதைப் பரீட்சையில் எழுதுகிறோம், அம்மா விரலில் வைத்திருக்கிறார். நான்கு விரல்கடை தள்ளி மாட்டினோம். காலை எடுத்ததும் டப்பென்று எழுந்தது.

"உக்காரும்மா, நீயும் ஓட்டிப் பாரு" என்றேன். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, "எனக்கெதுக்குடி" என்றார். பாட்டி வேறு, "பொம்பளைங்களுக்கு எதுக்கு டிரைவர் வேலை?" என்றார். விடாமல் உட்கார வைத்தோம். முதல் வளைவில் கார் புல்லில் போய் நின்றது. மூன்றாவது சுற்றில் அம்மா வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் பெடலையே பார்த்துக்கொண்டு சொன்னார், "எத்தனை வருஷமா மாட்டறேன். இதை மிதிச்சா என்ன ஆவுதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அம்மா சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. நம் ஊரில் எத்தனையோ அம்மாக்களும் அக்காக்களும் வேனில் ஏறிப்போய் வண்டியின் பாகங்களைச் செய்கிறார்கள். ஓட்டுகிற இடத்தில் மட்டும் அவர்களைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் ரேஸிலேயே பெண்கள் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ரேஸ் ஓட்டியவர். இதைப் பாட்டியிடமும் சொல்லியாகிவிட்டது.

இது வெறும் விளையாட்டு இல்லை என்பதற்கு ஆதாரம் சொல்கிறேன். ஃபார்முலா 1 பந்தயத்தில் 2009 முதல் சீசன் நடுவே டிராக்கில் கார் ஓட்டிப் பார்ப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் பெரிய அணிகளின் டிரைவர்கள் சிமுலேட்டரில்தான் அதிகம் பயிற்சி எடுக்கிறார்கள். 2008-ல் நிஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 'ஜி.டி. அகாடமி' என்ற போட்டியைத் தொடங்கின. வீடியோ கேமில் ஜெயித்தவர்களை உண்மையான ரேஸ் காரில் ஏற்றினார்கள். 2011-ல் அதில் வென்ற இங்கிலாந்துப் பையன் ஜான் மார்டன்பரோ, 2013-ல் பிரான்ஸில் நடக்கும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் அணியோடு மூன்றாம் இடம் பிடித்தார். 2023-ல் அவர் கதை 'கிரான் டூரிஸ்மோ' என்று சினிமாவாகவே வந்தது. அந்த நிஸான்தான் 2010-ல் ரெனோவோடு சேர்ந்து நம்ம ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. 2025-ல் தன் பங்கை ரெனோவுக்கே விற்றுவிட்டது.

ஆனாலும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கேமில் மோதினால் மறுபடி ஆரம்பிக்கலாம், ரோட்டில் முடியாது. கார் ஓட்ட 18 வயது ஆகி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதுவரை எனக்குப் பலகைதான்.

ஆனால் இந்தப் பலகை எனக்கு ஒன்று கற்றுக் கொடுத்தது. பிரேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும் வண்டி அந்த இடத்திலேயே நிற்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். டிரைவர் நம்மைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டு வருவதற்குள்ளேயே அவ்வளவு தூரம். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் தூரம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். "லாரிக்காரர் பிரேக் போடுவார்" என்று கையைக் காட்டிவிட்டு ரோட்டில் ஓடுகிற தம்பி தங்கைகளே, அவர் போட்டாலும் வண்டி நிற்காது. நான் மிதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாமே யூ.எஸ்.பி. தருகிற 5 வோல்ட்டில்தான் ஓட வேண்டும், வீட்டு கரண்டைத் தொடவே கூடாது. இரும்பு அறுப்பது, வெல்டிங் எல்லாம் பெரியவர்கள் வேலை. வயர் சேர்ப்பதும் எண்ணைச் சரி பார்ப்பதும் நாம் செய்யலாம். சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள்.

அடுத்து காயலான் கடையில் வைப்பர் மோட்டார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். டியூபுக்குப் பதில் அதை மாட்டினால் ரோட்டின் மேடு பள்ளம்கூடக் கைக்குத் தெரியும் என்கிறார் அண்ணன். அம்மா கேட்பது வேறு. "கிளட்ச் எங்கடி? அதுக்கும் நான்தான் ஸ்பிரிங் மாட்டறேன்" என்கிறார். முதலில் கிளட்ச்தான்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி