தக்ளி சுழலும் வகுப்பறை

வார்தா நகருக்கு அணித்தே, கரிசல் மண்ணும் பருத்திக் காடுகளும் சூழ்ந்த சேவாகிராமத்தில், ஆனந்த நிகேதன் என்னும் பள்ளியின் தொடக்க வகுப்பொன்றில் ஒரு காலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்விக்கு உருக்கொடுக்க, யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவர்தம் துணைவியார் ஆஷாதேவியும் தம் வாழ்நாளை அர்ப்பணித்த மண் அது. இடையில் நின்றுபோன பள்ளி 2005-இல் மீண்டும் தொடங்கப்பெற்றது.

குழந்தைகள் பாயில் அமர்ந்து தக்ளி சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பித்தளை வில்லையில் செருகிய மெல்லிய கம்பி, அதன் நுனியில் ஒரு கொக்கி, கருவி அவ்வளவே. ஒரு கை கம்பியை முறுக்கிவிட, மறு கை பஞ்சுப் பட்டையிலிருந்து இழையை மேல்நோக்கி இழுக்க, இரண்டின் வேகமும் இசைந்தால்தான் நூல் பிறக்கும். முறுக்குக் குறைந்தால் இழை பிரிந்துபோகும், மிகுந்தால் சுருண்டுகொள்ளும். சிறுமி ஒருத்தியின் நூல் மீண்டும் மீண்டும் அறுந்தது. ஆசிரியை அருகில் வந்து அமர்ந்தாரேயன்றித் தக்ளியைத் தம் கையில் வாங்கவில்லை. எந்த இடத்தில் அறுந்தது என்று மட்டும் மராத்தியில் கேட்டார். அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்த சிறுமி, மெலிந்த இடத்தில் என்றாள். ஏன் மெலிந்தது என்ற அடுத்த வினாவுக்கு அவள் விடை தேடிய நேரமெல்லாம் அவ்வம்மையார் பேசாமல் காத்திருந்தார். ஆசிரியத் தொழிலின் தலையாய நுட்பம் அந்தக் காத்திருப்பே என்று நான் கருதுகிறேன்.

நூலைச் சுற்றும்போது கணிதம் வந்தது. நான்கடிச் சுற்று 160 சேர்ந்தால் ஒரு லட்டி, நான்கு லட்டி சேர்ந்தால் 640 சுற்றுக் கொண்ட சிட்டம் என்பது கதர்த் தொழிலின் பழைய கணக்கு. அத்தகைய கணக்கைக் கையில் நூல் இருக்கும் பிள்ளைக்கு வாய்பாடாக ஒப்பிக்கச் செய்யத் தேவையில்லை. பிறகு, தன் வீட்டுப் பருத்தி போன விலையைப் பற்றி உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் சொல்லத் தொடங்க, பேச்சு மழைக்கும் கடனுக்கும் இயல்பாகச் சென்றது. வார்தா அடங்கிய விதர்ப்பப் பகுதி உழவரின் துயரத்தைக் குழந்தைகளே எடுத்துரைத்தார்கள்.

ஆதாரக் கல்விக்கென ஜாகிர் ஹுசேன் குழு வகுத்த பாடத்திட்டம் நாளொன்றுக்கு மூன்று மணி இருபது நிமிடத்தைக் கைத்தொழிலுக்கே ஒதுக்கியது. இம்முறை நாளடைவில் ஆசிரியர் ஊதியத்தையும் ஈட்டித்தரும் என்று வார்தா மாநாடு எதிர்பார்த்தது. குழந்தையின் உழைப்பை வருமானமாக எண்ணிய அந்த ஒரு பகுதியை என் மனம் ஏற்கவில்லை. வரவே நோக்கமாகிவிட்டால் அறுந்த நூல் நஷ்டக் கணக்கில் சேரும். நான் கண்ட வகுப்பிலோ அதுவே அன்றைய பாடமாயிற்று.

நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் கைவேலையென்பது கண்காட்சிக்கு முந்தைய இரவு பெற்றோர் ஒட்டித் தரும் அட்டைப் பொம்மையாகக் குறுகிவிட்டது. கல்வித் துறையாரும் தலைமையாசிரியர்களும் வாரத்தில் இரண்டு பிற்பகல்களையேனும் ஒதுக்கி, குழந்தைகளின் கையில் மெய்யான கருவியைக் கொடுத்து, பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்திலிருந்து அந்நேரத்தில் ஆசிரியரை விடுவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.